கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து பாக்க போறவங்க பண்ற தப்பு

மார்கழி, தை வந்தா திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு காரை எடுத்துட்டு கிளம்புறவங்க ஜாஸ்தி, நல்ல விஷயம்தான், ஆனா பாதி பேர் டிபன் எல்லாம் முடிச்சு பதினோரு மணிக்கு வந்து எறங்குறாங்க. அந்நேரம் மங்கோலியா பக்கம் இருந்து குளிருக்கு வர்ற வரித்தலை வாத்து (bar-headed goose) எல்லாம் தண்ணி நடுவுல தலையை முதுகுல சொருகிட்டு தூங்கும், ஏன்னா ராத்திரியும் விடியக்காலையும் வயல்ல மேயுறது, பகல்ல குளத்துல கெடக்குறது, இதான் அதோட வழக்கம். இருட்டு பிரியுறதுக்குள்ள கரையில இருங்க, வயல்ல இருந்து சத்தம் போட்டுட்டே வரிசையா திரும்பி வரும்.

கரையோரம் கிட்டக்க நிக்கிறத எடுத்துட்டு மங்கோலியா வாத்துன்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க, அது பெரும்பாலும் நம்ம ஊர் புள்ளிமூக்கு வாத்து. வரித்தலை நல்லா பெருசு, ரெண்டு மூணு கிலோ வரும், சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில பின்னாடி ரெண்டு கருப்பு வரி. கழுத்துல எழுத்து போட்ட பட்டை இருந்தா கலரும் எழுத்தும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வனத்துறை ஆளுங்ககிட்ட காட்டுங்க, ஆராய்ச்சிக்காக மாட்டி விட்டது அது.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு இன்னும் கொஞ்சம் கிட்டன்னு நடந்துட்டே போறது. மேயுற கூட்டத்துல எப்பவும் ஒண்ணு ரெண்டு காவலுக்கு கழுத்தை நெட்டுக்க நிமித்தி நிக்கும், அது சகஜம். ஆனா நீங்க நடக்க நடக்க அது அஞ்சு, பத்துன்னு ஏறும், மேயுறதும் நின்னுடும், மொத்த கூட்டமும் நிமிந்துட்டா அடுத்தது பறக்குறதுதான். அதனால கழுத்து ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே அங்கேயே உக்காந்துடுங்க, கொஞ்ச நேரத்துல ஒவ்வொண்ணா தலையை எறக்கி மறுபடி மேய ஆரம்பிக்கும். சும்மா சும்மா கிளப்பி விட்டா சேத்து வச்ச கொழுப்புதான் கரையும், குளிர்காலம் முடிஞ்சு ஊர் திரும்புறப்போ அத வச்சுதான் இமயமலையைத் தாண்டணும். (எவரெஸ்ட்டுக்கு மேல பறக்கும்னு வாட்ஸ்அப்ல வர்றத அப்படியே நம்பாதீங்க, கருவி கட்டி பாத்த ஒரு ஆய்வுல அதிகபட்சம் 7,290 மீட்டர், எவரெஸ்ட்டோ 8,849. 7,290 மட்டும் என்ன லேசா!) ட்ரோன் பத்தி தனியா சொல்லவே வேணாம், கொண்டே வராதீங்க.

போட்டோவுக்காக பிசானப் போக நெல் வயலுக்குள்ள எறங்குறவங்களும் இருக்காங்க. வாத்து மேயுறதையே பொறுத்துக்கிற சம்சாரி (விவசாயி) உங்க காலையும் பொறுத்துக்கணுமா என்ன? வரப்போட நில்லுங்க. பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் அது, அங்க போய் கார்ல பாட்டை அலற விடுறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ.

பொரி, பிஸ்கட் வீசுறதும் வேண்டாம், அதுக்கு புல்லும் நெல்லும் போதும்.

மழை பொய்ச்ச வருஷம் குளத்துல தண்ணி இருக்காது, வாத்தும் வேற குளம் பாத்து போயிடும், அதனால தூரத்துல இருந்து வர்றவங்க தெரிஞ்சவங்க யாருக்காவது போன் போட்டு தண்ணி கெடக்கான்னு கேட்டுட்டே கிளம்புங்க.