வேகத்தடையில் நின்றுபோகும் மோட்டார்: என் அனுபவம்

சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டி ஓட்டும் மோட்டார் யூனிட் என்னுடையது. வேகத்தடையிலோ பள்ளத்திலோ குலுங்கினால் மோட்டார் ஒரு நொடி நின்று, பிறகு தானாகவே ஓடும். பின்னால் பஸ் வரும்போது இப்படி ஆனால் ஆபத்து.

கடையில் பேட்டரிதான் என்றார்கள். வேறு பேட்டரி மாட்டியும் அதேதான். அப்புறம் ஆக்சிலரேட்டரை மாற்றினார்கள், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குப் போகும் கனெக்டர்களை எல்லாம் கழற்றி மாட்டினார்கள். பயனில்லை.

பின்னால் நடந்து வந்த தம்பிதான் அதைக் கவனித்தான். மோட்டார் நிற்கும் அந்த நொடியில் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்து அணைகிறது. நானோ பிரேக்கைத் தொடவே இல்லை. உட்கார்ந்து ஓட்டுபவர் கண்ணில் இது படவே படாது.

பிரேக் பிடிக்குள் ஒரு சின்ன சென்சார் உண்டு. பிடியை இழுத்ததும் அது மோட்டாரை நிறுத்தி, விளக்கை எரியவைக்கும். எங்கள் பிடியின் அச்சில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகி, விட்ட பிறகும் பிடி பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்தது. லேசாகக் குலுங்கினாலே சென்சாருக்கு அது பிரேக்தான்.

அச்சைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கேபிள் இறுக்கத்தைத் திருத்தினோம். சரியாகிவிட்டது. எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, கவனம்.

சென்சார் ஒயரையே பிடுங்கிவிடச் சொன்னார் ஒருவர். தயவுசெய்து செய்யாதீர்கள், ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக் பிடித்தாலும் மோட்டார் தள்ளிக்கொண்டே போகும். சோதிக்கும்போது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.