ஊழியர்களுக்குப் பரிசுச் சுற்றுலா: முதல்முறை திட்டமிடுபவர்களுக்கு ஒரு செய்முறை

2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த காசாகிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் தன் ஊழியர்கள் 1,000 பேரை ஸ்பெயினுக்கு அழைத்துப் போவதாக அறிவித்தது. இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் போதும், பல சின்ன நிறுவனங்களில் எம்டி எச்ஆரைக் கூப்பிட்டு "நாமளும் ஏதாவது பண்ணலாமே" என்பார். எச்ஆர் என்று தனியாக ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலை அட்மின் தலையிலோ, அக்கவுண்ட்ஸில் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பவர் தலையிலோ வந்து விழும். இந்தப் பதிவு அவர்களுக்குத்தான்.

ஸ்பெயினை விடுங்கள். சென்னையில் 150 பேர் வேலை செய்யும் ஒரு விற்பனை நிறுவனம், அதில் 40 பேர், ஆலப்புழையில் 2 இரவு என்று வைத்துக்கொள்வோம். ஏன் ஆலப்புழை? இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், பாஸ்போர்ட் தேவையில்லை. இன்னொன்று, படகு வீட்டில் ஓர் இரவு தங்குவது பலர் சொந்தக் காசில் செய்யத் தயங்கும் செலவு. பரிசு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 1: யார் போகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்

எல்லோரும் ஊரில்தான் ஆரம்பிப்பார்கள். கோவாவா, மூணாறா, தாய்லாந்தா என்று ஒரு மீட்டிங் முழுக்கப் போய்விடும். என் கருத்து, ஊர் அப்புறம். இந்தப் பரிசால் யாராவது கூடுதலாக உழைப்பார்களா என்பது விதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

"முதல் 10 பேருக்குப் பரிசு" என்று மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்று ஆபீஸில் எல்லோருக்கும் இன்றைக்கே தெரியும். நல்ல ஏரியா கையில் இருப்பவர் எப்படியும் ஜெயிப்பார். முப்பதாவது இடத்தில் இருப்பவர் இரண்டாவது மாதமே "நமக்கெதுக்கு" என்று விட்டுவிடுவார். நீங்கள் உசுப்ப வேண்டிய ஆளே அவர்தான். அதனால் ஒருவரை அவருடைய போன வருடக் கணக்கோடு ஒப்பிடுங்கள், வைத்த இலக்கைத் தாண்டிய எல்லோருக்கும் இடம் கொடுங்கள். நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

"ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை உங்கள் விற்பனை, போன ஆண்டு இதே ஆறு மாதத்தைவிட 15 சதவீதம் கூடியிருந்தால் நீங்கள் தகுதி பெறுகிறீர்கள். பணம் வசூலான பில் மட்டுமே கணக்கில் வரும். திரும்பி வந்த சரக்கு கழிக்கப்படும். டிசம்பர் 5 அன்று பட்டியல் ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் டிசம்பர் 8 மாலைக்குள் சொல்லலாம்."

வசூலான பில் என்ற வரியை விட்டுவிட்டால் நவம்பர் கடைசி வாரத்தில் டீலர்களின் குடோனில் சரக்கைத் திணித்து, பட்டியல் வந்தபின் அதையே திரும்ப எடுத்து வருவார்கள். ஆட்சேபத்துக்கு மூன்று நாள் கொடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால் அந்தச் சண்டை ரயிலில் நடக்கும்.

விற்பனையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். டெஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ், சர்வீஸ் ஆட்கள் இல்லாமல் அந்த 15 சதவீதம் வந்திருக்காது. அவர்களைத் தனித்தனியாக அளக்காமல் குழுவாக அளப்பது எளிது: தவறான சரக்கு போன புகார்கள் பாதியாகக் குறைந்தால் டெஸ்பாட்ச் குழு முழுவதும் வரலாம் என்பது மாதிரி. ஒன்றை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள், அது வருகைப் பதிவு. உடம்பு சரியில்லாமல் போனவரையும் பிரசவ விடுப்பில் போனவரையும் அது தண்டிக்கும்.

படி 2: பணம்

ஒருவருக்கு 18,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சரக்கில் லாபம் 10 சதவீதம் என்றால், ஒருவர் போன வருடத்தைவிட 1,80,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றால்தான் அவருடைய பயணச் செலவே எடுபடும். 15 சதவீத இலக்கு அந்தத் தொகையைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் போட்டுப் பாருங்கள். பலருக்குத் தாண்டவில்லை என்றால் ஊரை மாற்றுங்கள், எட்ட முடியாத அளவுக்கு இலக்கை ஏற்றாதீர்கள்.

டிராவல்ஸ்காரர் தரும் கொட்டேஷனில் பெரும்பாலும் விடுபடுபவை: ஜிஎஸ்டி, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், ரயிலில் சாப்பாடு, படகு ஆட்களுக்கு டிப்ஸ். இவற்றுக்கு மொத்தத்தில் 10 சதவீதம் தனியே எடுத்து வையுங்கள்.

இனி வரி. ஊழியரின் உல்லாசப் பயணத்துக்கு நிறுவனம் செலவு செய்தால் அது சம்பளத்தோடு சேரும் சலுகையாகக் கணக்கிடப்படும், டிடிஎஸ் (நிறுவனமே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். சந்தோஷமாகப் போய்வந்த ஆள் அடுத்த மாத பே ஸ்லிப்பைப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான். அந்த வரியை நிறுவனமே ஏற்கிறதா, ஊழியர் கட்டுகிறாரா என்பதை நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் நிறுவனம் ஏற்பதுதான் அழகு. டீலர்களையும் சேர்த்துக் கூட்டிப் போனால் கணக்கு வேறு: ஒரு டீலருக்கு வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டிப் போகும் சலுகைக்கு 10 சதவீதம் டிடிஎஸ் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. ஊழியர்களின் விடுமுறைப் பயணத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட்டும் (கட்டிய ஜிஎஸ்டியை நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. ஆடிட்டரிடம் புக்கிங்குக்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 3: தேதி

கேரளப் படகுகளுக்கு நல்ல பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து மகர விளக்கு வரை சபரிமலைக் கூட்டத்தில் கேரள ரயில்கள் நிரம்பி வழியும். உங்கள் ஆபீஸிலேயே மாலை போட்டவர்கள் இருப்பார்கள், அவர்கள் அப்போது வர மாட்டார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை எகிறும். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, விற்பனைக்காரர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிவு. ஜூனில் மழை. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது பிப்ரவரி முதல் பாதி.

பயண நாட்களை வேலை நாளாகவே கணக்கில் வையுங்கள். அவர்களுடைய லீவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கை வைத்துவிட்டுப் பரிசு என்று சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். திரும்பி வரும் நாள் காலையில் சென்ட்ரலில் இறங்கியவரை ஒன்பதரைக்கு ஆபீஸில் எதிர்பார்ப்பதும் அந்த வகைதான்.

படி 4: ரயில் டிக்கெட்

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. பிப்ரவரி 12 இரவு சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமென்றால் டிசம்பர் 14 காலை 8 மணிக்கு உங்கள் கையில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். போட்டியை நவம்பர் 30-இல் முடித்து டிசம்பர் 5-இல் பட்டியல் ஒட்டச் சொன்னது இதற்காகத்தான். திரும்பி வருவது பிப்ரவரி 15 என்றால் அந்த டிக்கெட் டிசம்பர் 17-இல்தான் திறக்கும். போகும் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். 40 பேருக்கு 7 டிக்கெட், போக வர 14. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைக்காவிட்டால் மாதத்துக்கு 12 டிக்கெட்தான் எடுக்கலாம், இணைத்தால் 24. முன்பதிவு திறந்தவுடன் எடுக்கவும் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். மொத்தமாக எடுப்பதென்றால் நிறுவன லெட்டர்ஹெட்டில் பெயர்ப் பட்டியலோடு ரிசர்வேஷன் சூப்பர்வைசரைப் பார்த்து அனுமதி வாங்குவது இன்னொரு வழி. இதை ஒரு வாரம் முன்பே விசாரியுங்கள்.

யாராவது கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அவர் டிக்கெட்டில் இன்னொரு ஊழியரை ஏற்ற முடியாது. சாதாரண டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மட்டுமே மாற்றலாம். விமானத்தில் 10 பேருக்கு மேல் குரூப் புக்கிங் போட்டால் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து, பெயரைப் பிறகு கொடுக்கலாம். ஆட்கள் நிச்சயமில்லாத குழுவுக்கு அந்த வசதிக்காகவே விமானம் பரவாயில்லை.

படி 5: படகு

படகு வீடு பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது. ரயில் காலையில் ஆலப்புழை சேர்கிறது என்பதால் குளித்து, டிபன் சாப்பிட ஓர் இடம் தேவை. ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் நான்கைந்து அறைகளைச் சில மணி நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். 40 பேர் ரயில் கசங்கலோடு புன்னமடை ஃபினிஷிங் பாயிண்ட் படகுத்துறையில் பை தூக்கிக்கொண்டு நிற்பதைவிட அந்தச் செலவு மேல்.

ஒரு படகில் ஒன்றிலிருந்து ஐந்தாறு அறைகள் வரை இருக்கும். 40 பேருக்கு நான்கைந்து படகு ஆகும். முதல்முறை போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, மாலை ஐந்தரை வாக்கில் படகுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டிவிட வேண்டும், அதற்குமேல் மீனவர்கள் வலை போடும் நேரம். நீங்கள் சொல்லி வைக்காவிட்டால் ஒவ்வொரு படகும் அதனதன் வழக்கமான இடத்துக்குப் போய்விடும். பாட்டு, விளையாட்டு என்று திட்டம் போட்டு வைத்திருக்கும் குழு நான்கு இடத்தில் சிதறி உட்கார்ந்திருக்கும். "எல்லாப் படகும் ஒரே கரையில் அடுத்தடுத்துக் கட்ட வேண்டும்" என்று புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள். ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். பல படகுகளில் இரவு மட்டும்தான் ஓடும்.

முன்பணம் கட்டும் முன் படகின் பதிவு, இன்சூரன்ஸ், எத்தனை பேர் ஏறலாம் என்ற அனுமதி, லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கை ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கிக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குரூப் போட்டோவுக்காக 40 பேரும் ஒரே படகின் மேல்தளத்தில் ஏறும் ஆசை கட்டாயம் வரும். போட்டோவைக் கரையில் எடுங்கள்.

இரண்டாம் இரவுக்கு மாராரிக் கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட். அறை, டிபன், நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 6: ஆள் பட்டியல், அறை, சாப்பாடு

ஒரு ஷீட்டில் பெயர், அடையாள அட்டை, சைவமா அசைவமா, மருந்து ஏதும் உண்டா, அவசரத்துக்கு வீட்டு எண் என்று போடுங்கள். அறை ஜோடியை நீங்களே முடிவு செய்யாமல் அவர்களிடம் கேளுங்கள். மேனேஜரையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே அறையில் போடக் கூடாது. பாவம், அந்தப் பையன் இரண்டு இரவும் தூங்க மாட்டான்.

படகுச் சாப்பாட்டில் குண்டு குண்டான சிவப்பு அரிசிச் சோறு வரும். வெள்ளைச் சோறும் வேண்டும் என்று முன்பே சொன்னால் வைப்பார்கள். கரிமீன் வறுவல் அசைவக்காரர்களுக்குத் திருவிழா, ஆனால் சைவக்காரர்கள் ஆறேழு பேர் இருந்தால் அவர்களை ஒரு படகில் சேர்த்து அந்தச் சமையலறையைச் சைவமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஜெயித்தும் வர முடியாதவர்கள் இருப்பார்கள். கர்ப்பிணி, வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா அம்மா இருப்பவர், இரவு வெளியே தங்க விரும்பாதவர். காரணம் கேட்காமல் அதே மதிப்புக்குப் பணமோ வேறு பரிசோ கொடுக்கும் வழியை நோட்டீஸிலேயே எழுதுங்கள். கூட ஒருவரை அழைத்து வரலாம் என்றால் "மனைவி அல்லது கணவர்" என்று குறுக்காமல் "ஒருவர்" என்று போடுங்கள். அம்மாவைக் கூட்டி வர ஆசைப்படும் ஆட்கள் எதிர்பாராத அளவுக்கு இருக்கிறார்கள்.

படி 7: கட்டுப்பாடு

நிறுவனம் கூட்டிப் போகும் இடமும் வாகனமும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணியிடம்தான். சுற்றுலாவில்தானே நடந்தது என்று தள்ளிவிட முடியாது. இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர் ஒருவரும் கூட வருவது நல்லது. அவருடைய எண்ணைப் பயண அட்டையில் அச்சிடுங்கள். மது கம்பெனி செலவில் கிடையாது, படகிலும் நீர்ப்பக்கமும் யாரும் குடிக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எம்டி முன்னிலையில் இதைச் சொல்வது உத்தமம், ஏனென்றால் சில இடங்களில் முதலில் மீறுவது மேலிடம்தான்.

படி 8: நிகழ்ச்சி நிரல்

குறைவாக வையுங்கள். முதல் நாள் மாலை, படகுகள் கட்டிய பிறகு அரை மணி நேரம் பாராட்டு: ஒவ்வொருவர் பெயரையும், அவர் என்ன செய்தார் என்பதையும் எம்டி தன் வாயால் சொல்ல வேண்டும். "சிறப்பாகப் பணியாற்றிய" என்று பொதுவாகச் சொல்லாமல், "மழையில் ரோடு அடைத்திருந்தபோது கடலூர் டீலருக்குச் சரக்கு கொண்டு சேர்த்தார்" என்பது மாதிரி. இந்த வரிகளை நீங்கள் முன்பே திரட்டி எம்டி கையில் கொடுக்க வேண்டும். பவர்பாயிண்ட் வேண்டாம், அடுத்த ஆண்டு டார்கெட் பேச்சு வேண்டவே வேண்டாம். மற்ற நேரத்தில் தூங்குகிறவர் தூங்கட்டும், சீட்டாடுகிறவர் ஆடட்டும்.

படி 9: திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் பில்களை முடித்து, யாராவது கையிலிருந்து போட்ட ஆட்டோக் காசு, மருந்துக் காசு இருந்தால் கொடுத்துவிடுங்கள். வராதவர்களுக்குச் சொன்ன தொகையும் அதே வாரம் போக வேண்டும். போட்டோக்களைப் பொதுவில் போடும் முன் அதில் இருப்பவர்களைக் கேளுங்கள். அப்புறம் 150 பேருக்கும் ஒரு சின்னப் படிவம் அனுப்புங்கள். போனவர்களிடம் பயணத்தைப் பற்றியும், போகாதவர்களிடம் விதி நியாயமாக இருந்ததா என்றும் கேளுங்கள். அந்தப் பதில்கள் மே மாதத்துக்குள் கையில் இருந்தால் ஜூன் 1 நோட்டீஸைத் திருத்த நேரம் கிடைக்கும்.