வீட்டுக்கு லேன் கேபிள் இழுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டி மாடி அறைக்கு வைஃபை சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால், விலை கூடிய ரவுட்டர் தேடுவதைவிட ஒரு கேபிள் இழுத்துவிடுவதே மேல். ஆனால் ரவுட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போன கேபிளை அப்படி மாற்ற முடியாது. அதனால் காசும் கவனமும் முதலில் கேபிளுக்குத்தான்.

நிறைய பேர் ஏமாறுவது சிசிஏ கேபிளில். கேட் 6 (கேட் என்பது கேபிளின் தர வகை) என்று சொல்லி மலிவாகத் தருவார்கள், உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் கம்பியின் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்த ரோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் முறியும், கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கும் பிஓஇ கேமராவை மாட்டினால் சூடேறும். முழுச் செம்பு கேபிளாகவே வாங்குங்கள், இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதற்காக கேட் 7, கேட் 8 என்று போகவும் தேவையில்லை. நல்ல கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) வேகம் கொடுக்கும், 2016ல் வந்த தரப்படி 2.5 ஜிபிபிஎஸ்ஸும் அதிலேயே ஓடும். கேட் 6 என்றால் சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ். வீட்டுக்குள் அவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறது?

அப்புறம், பைப் மிச்சம் என்று கரண்ட் வயரோடு சேர்த்து லேன் கேபிளையும் இழுக்க விடாதீர்கள். சிக்னல் கெடுவது ஒரு பக்கம், எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டர் வரை வந்துவிடும் என்பதுதான் பெரிய பயம். தனி பைப் போடச் சொல்லுங்கள், உள்ளே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும், பின்னால் இன்னொரு கேபிள் இழுக்க உதவும்.

கேபிள் முனையில் எட்டு பின் உள்ள பிளக்கை அடித்து மாட்டும் கிரிம்பிங்கில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. இரண்டு முனையிலும் ஒரே வரிசையாக இருந்தால் போதும் என்று நினைத்து ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து வைத்து அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், வேகம் மட்டும் வராது. காரணம், 3ம் 6ம் எண் பின்கள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகள்தான் இரைச்சலை அடக்கும். டி568பி என்ற நிலையான வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீட் (கேபிள் இணைப்பின் வேகம், எம்பிபிஎஸ்ஸில்) பாருங்கள். 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் இணைய கம்பெனிக்கு போன் போடும் முன் கேபிளைச் சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும் என்பதால் நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாமல் வேகம் மட்டும் இறங்கிவிடும். கேபிள் சரி என்றால் ரவுட்டர், ஸ்விட்ச் போர்ட்களைப் பாருங்கள், மலிவு மாடல்களில் இன்னும் 100தான் வருகிறது. பல ஸ்மார்ட் டிவிகளிலும் அப்படித்தான், ஆனால் நெட்டில் 4கே படம் பார்க்க அதுவே தாராளம்.

மாடியில் பழைய ரவுட்டரை வைஃபைக்கு மாட்டுவதாக இருந்தால் அதன் ஐபி முகவரியை மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் (இணைய இணைப்பு வந்து சேரும் போர்ட்) சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். இல்லையென்றால் மேலே ஒரு நெட்வொர்க், கீழே ஒரு நெட்வொர்க் என்று பிரிந்து, மாடியில் இருக்கும் பிரின்டரைக் கீழே இருக்கும் லேப்டாப் கண்டுபிடிக்காது.