பழைய வீட்டைக் காத்தவரைப் பாராட்டப் போகிறவர்களுக்கு

பழைய வீடுகளைப் பேணுகிறவர்களைக் கௌரவிக்க முல்லைத்தீவுப் பக்கம் சில பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் முதல் வீட்டிலேயே, முன்பு இதே வேலையில் நாங்கள் விட்ட பிழையை அப்படியே விட்டார்கள். அதனால் அப்படியான பிழைகளைக் கீழே ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அளவு நாடாவோடு போய் இறங்குவது

குருந்தூர்மலையில் தொல்பொருள் இடம் என்று காணிக்கு எல்லை போட்ட பிரச்சினைக்குப் பிறகு 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்குக் காணி போய்விடுமோ என்ற பயம். முதல் நாள் ஊரவர் ஒருவரோடு வெறுங்கையாகப் போங்கள்.

விழாவுக்கு வீட்டை வடிவாக்கச் சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 2009 வரை நடந்த சண்டையில் கூரையோடு தப்பிய, நடுவில் முற்றம் விட்ட நாற்சார் வீடு ஒன்று. "வாற மாதம் கேடயம் தாறம், வீட்டைக் கொஞ்சம் வடிவாக்கி வையுங்கோ அம்மா" என்று சொன்னவன் நான். வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பினார். பொருமியிருந்த சுண்ணாம்புப் பூச்சை உரித்துச் சீமெந்து பூசி, மேலே பெயின்ற் அடித்தார்கள். விழாப் படங்களில் வீடு பளபளத்தது.

அந்தக் காலச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடை இல்லை. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுக் காயவைக்கும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து கல்லை அரிக்கும். இரண்டாம் மாரியில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு. பிறகு விறாந்தைச் சுவரை இடிக்க வேண்டி வந்தது.

"நீங்கள் வராமலே இருந்திருக்கலாம் தம்பி" என்றார் அந்த அம்மா. நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: "ஒன்றையும் தொடாதேங்கோ, இப்பிடியே இருக்கட்டும்." ஷெல் துண்டு பட்ட தழும்பையும் அடைக்கச் சொல்லாதீர்கள். கேடயத்துக்கு ஒதுக்கிய காசில் நீற்றின சுண்ணாம்பும், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனின் சில நாள் கூலியும் கொடுத்தால் அந்த வீட்டுக்கு அதுதான் மரியாதை.

பெயர்க்கல்

சுவரில் துளையிடாதீர்கள். படலையடியில் தனியாக நடுங்கள்.

காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள பெயரை மட்டும் கூப்பிடுவது

உரித்தாளர் கடல் கடந்து இருப்பார். மாரிக்கு முன் ஓடு மாற்றி, கூரை வளை மரத்தில் ஏறும் கறையானைத் தட்டி, ஒவ்வொரு நாளும் முற்றம் கூட்டுகிறவர் அயல்வீட்டு ஆச்சியாக இருப்பார். இருவர் பெயரையும் எழுதுங்கள். மேடைக்கு ஆச்சியை முதலில் கூப்பிடுங்கள்.