நிலையில்லா வானிலையிலும் அல்கொன்குவின் இலையுதிர்காலத்தைக் கண்டு வருவது எப்படி

ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அல்கொன்குவின் மாகாணப் பூங்காவிற்கு நம்மவர்களில் பலர் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்களன்று வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறையில்தான் புறப்படுகிறார்கள். விடுமுறை வசதியானதுதான். ஆனால் மரங்கள் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. பூங்காவின் மேற்குப் பகுதி சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமானது என்பதால் குளிர் அங்கே முந்தி வருகிறது. செந்நிறத்துக்குப் பேர்பெற்ற சுகர் மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலேயே உச்சத்தை எட்டி, விடுமுறைக்குள் இலைகளில் பெரும்பகுதியை உதிர்த்துவிடுகின்றன. எனவே முதலில் எந்த மரத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் செப்டெம்பர் இறுதி. ஆஸ்பென், பேர்ச் மரங்களின் மஞ்சள் போதுமென்றால் ஒக்டோபரின் முதல் பாதி. ஊசியிலை மரமாக இருந்தும் பொன்னிறமாகி உதிரும் டமராக்கைச் சதுப்பு நிலங்களில் காண ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பின்னர்.

இந்தக் காலங்களும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக நகரும். இலையின் பச்சையம் சிதையும்போது ஏற்கெனவே உள்ளிருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்புக்குக் காரணமான அந்தோசயனினோ அப்போதுதான் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும், உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் குளிர்ந்த இரவுகளும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு ஆழமாகிறது. மேகமூட்டமும் வெப்பமான இரவுகளும் நீடித்தால் நிறம் மங்குகிறது. ஆகவே பயணத்துக்கு இரண்டு வாரங்கள் முன்பிருந்தே வானிலை அறிக்கையில் மழையை மட்டும் தேடாமல் இரவு வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் கவனியுங்கள். உச்சம் எட்டிய மலைச்சரிவை ஒரே இரவில் வெறுமையாக்கிவிடக் கூடியது பலத்த காற்றுதான். இலைகளின் அன்றைய நிலையை அறிய, பூங்கா சார்பில் இணையத்தில் வெளியிடப்படும் நிற அறிக்கைகளையும் அண்மைப் படங்களையும் பாருங்கள்.

நாள் நகரும் என்பதால் திட்டமும் நகரக் கூடியதாக இருக்க வேண்டும். ஹன்ஸ்வில், டுவைட், விட்னி ஆகிய ஊர்களில் தங்குமிடம் எடுப்பதானால், கடைசி நேரத்தில் இரத்துச் செய்ய இடமளிக்கும் அறையையே, சற்று விலை கூடினாலும், தேர்ந்தெடுங்கள். பூங்காவுக்கான பகல்நேர வாகன அனுமதியை ஐந்து நாட்கள் முன்பிருந்து இணையத்தில் பதிவு செய்யலாம். இலையுதிர்கால வார இறுதிகளில் அவை விரைவாகத் தீர்ந்துவிடுவதால் பதிவு திறந்தவுடனேயே எடுத்துவிட வேண்டும். அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புக் கிடைக்குமானால் வார நாளில் செல்வதே மிகச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அதே காடு அன்று அமைதியாக இருக்கும். வாகனம் நிறுத்தவும் அலைய வேண்டியதில்லை.

பூங்காவினூடே 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் நீளத்துக்குச் செல்கிறது. தூரம் மேற்கு வாயிலிலிருந்து கணக்கிடப்படுவதால் இடங்களைக் கிலோமீற்றர் எண்ணைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். வானம் தெளிந்திருந்தால் 40ஆம் கிலோமீற்றருக்கு அருகிலுள்ள லுக்கவுட் பாதையில் ஏறுங்கள். இரண்டு கிலோமீற்றர் சுற்றுத்தான், ஆனால் ஏற்றம் செங்குத்தானது, உச்சிப் பாறையில் தடுப்புவேலி கிடையாது, சிறுவர்களின் கையை விடக் கூடாது. முதியவர்கள் உடன் வந்தால் 42ஆம் கிலோமீற்றரைத் தாண்டி வரும் ஸ்புரூஸ் பொக் மரப்பலகைப் பாதை ஏற்றது.

மழை பெய்தால் திரும்பிவிட வேண்டாம். நனைந்த மரப்பட்டை கறுத்து நிற்க, இலைகளின் நிறம் அதன்மேல் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். மேகம் மூடிய ஒளியில் படங்களில் கண்கூசும் பளபளப்பும் கடும் நிழலும் விழுவதில்லை. தொலைதூரக் காட்சிகள்தாம் அன்று பயனற்றவை. பனிமூட்டத்தில், பூங்காவுக்கு வெளியே டோர்செற் ஊரிலுள்ள காட்சிக் கோபுரத்தில் ஏறினால் வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. ஆகையால் மழை நாளில் மலையுச்சியை விட்டு, காட்டுக்குள்ளேயே செல்லும் தாழ்வான பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு வாயிலுக்கு அருகிலுள்ள மரவெட்டுத்தொழில் அருங்காட்சியகத்தின் நடைபாதை எளிதானது; பழைய மரவெட்டிகளின் முகாமும் படகும் வழியில் உள்ளன. மழை வலுத்தால் 43ஆம் கிலோமீற்றரிலுள்ள பார்வையாளர் மையத்தின் கண்காட்சியில் ஒரு மணி நேரத்தைப் பயனுடன் கழிக்கலாம். ஈர இலை படிந்த பாறையும் பலகையும் மிகவும் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட சப்பாத்தை அணியுங்கள்.

உடையில் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுவதும் காயாது. கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை அடுக்காக அணிந்து, மேலே நீர் புகாத அங்கியைப் போட்டுக்கொண்டால், காலையில் உறைநிலையையும் நண்பகலில் வெயிலையும் ஒரே நாளில் சமாளிக்கலாம். மாற்றுக் காலுறைகளை மறக்காதீர்கள். சுடச்சுடத் தேநீரும், கையால் எடுத்துண்ணக் கூடிய ரொட்டியும் சம்பலும் இருந்தால் உணவகம் தேடி நேரத்தை இழக்க நேராது. கருங்கரடிகள் வாழும் காடு என்பதால் மிச்ச உணவை வெளியே விட்டுவைக்கக் கூடாது.

ஹன்ஸ்வில்லிலேயே எரிபொருளை நிரப்பி, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. இருட்டும் முன் பூங்காவை விட்டு வெளியேறத் திட்டமிடுங்கள், ஏனெனில் செப்டெம்பர், ஒக்டோபர் மூஸ் மான்களின் இனச்சேர்க்கைக் காலம். கருநிற உடலுடன் அவை அந்தி நேரத்தில் சாலையைக் கடக்கையில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஒக்டோபரில் பனி விழவும் கூடும் என்பதால் புறப்படுமுன் ஒன்ராறியோ 511 தளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள்.

புயற்காற்று எச்சரிக்கை வந்தாலோ, மேற்குப் பகுதியில் இலைகள் தீர்ந்துவிட்டன என்று அறிக்கை சொன்னாலோ, பயணத்தைக் கைவிடாமல் தெற்கே மாற்றுங்கள். ஹாலிபர்ட்டன், மிண்டன் பகுதிகளில் நிறம் சில நாட்கள் பிந்தி வரும். இன்னும் தெற்கே, ஸ்காபரோவின் கிழக்கெல்லையில் விரிந்திருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகும் மரங்கள் நிறைந்த நிறத்துடன் நிற்கும். அங்கே செல்ல நுழைவுக் கட்டணமும் இல்லை.