காமா சோர்ஸுக்கு எக்ஸ்ரேல ஆள் தேடுறது எப்படி

வானத்துல காமா கதிர் விடுற சோர்ஸ்களை ஃபெர்மி சாட்டிலைட் கண்டுபிடிச்சு போட்ட கேட்லாக்ல, இன்னும் என்னன்னே தெரியாத சோர்ஸ் ஆயிரத்துக்கும் மேல கிடக்கு, அதுல ஒண்ண எடுத்துக்கோங்க. அதே இடத்துல எக்ஸ்ரே விடுற ஆள் யாருன்னு தேடுறது தான் நம்ம வேலை. முதல்ல அதோட 95% எர்ரர் எலிப்ஸ் (சோர்ஸ் 95% வாய்ப்போட உள்ள இருக்குற நீள்வட்டம்) பாருங்க, ஸ்விஃப்ட் சாட்டிலைட்டோட எக்ஸ்ரே டெலஸ்கோப்பான எக்ஸ்ஆர்டியோட பார்வை அகலம் 23.6 ஆர்க்மினிட் (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட்) தான், எலிப்ஸ் அதுக்குள்ள அடங்கினா வேலை சுலபம்.

நாசாவோட ஹீசார்க் ஆர்க்கைவ்ல எக்ஸ்ஆர்டியோட ஃபோட்டான் கவுண்டிங் மோட் டேட்டா இறக்கி, 0.3–10 கேஇவி (எக்ஸ்ரே ஆற்றலோட அளவு) இமேஜ் போட்டு, எலிப்ஸை மேல வரைஞ்சு, உள்ள சிக்னல் டு நாய்ஸ் (இரைச்சலை விட சிக்னல் எத்தனை மடங்கு) 3க்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க.

ஒரு புள்ளி கிடைச்சதும் துள்ளிடாதீங்க! பக்கத்துல இருக்குற சாதாரண நட்சத்திரமும் எக்ஸ்ரே விடும், ரொம்ப பிரகாசமான நட்சத்திரம்னா அதோட வெளிச்சமே டிடெக்டர்ல பொய் எக்ஸ்ரேவா பதிவாகும், அதனால ஆப்டிக்கல் படத்தை கண்டிப்பா பக்கத்துல வச்சு பாருங்க. ரேடியோலயும் இருந்தா பெரும்பாலும் பிளேசார், அதாவது நம்மளை நோக்கி ஜெட் அடிக்கிற கேலக்ஸி. ரேடியோவும் இல்ல, ஆப்டிக்கலும் ரொம்ப மங்கல்னா பல்சரா (துடிப்பு மாதிரி கதிர் விடுற சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்) இருக்கலாம், விட்றாதீங்க.

கெமிங்காங்கிற பல்சர் அப்படித்தான் சிக்குச்சு. 1970கள்ல காமால தெரிஞ்சது, ஐன்ஸ்டைன் சாட்டிலைட் டேட்டால எக்ஸ்ரே ஆள் கிடைச்சது 1983ல, அந்த புள்ளியை விடாம பிடிச்சதால தான் 1992ல ரோசாட் எக்ஸ்ரே சாட்டிலைட் டேட்டால 0.237 செகண்ட் துடிப்பு தெரிஞ்சுது.