கவுண்டிகளின் இயற்கை வளர்ச்சியை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

ஓராண்டில் பிறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது இயற்கை வளர்ச்சி. கணக்கு அவ்வளவுதான். இதை வைத்து ஒரு மாநிலத்தின் கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளை) ஒப்பிடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவைப் பார்த்தாலே போதும்.

இயற்கை வளர்ச்சி மைனஸ் என்றதும் ஊர் காலியாகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சம்டர் கவுண்டியில் பிறப்பைவிட இறப்பு பல மடங்கு அதிகம். ஓய்வுபெற்றவர்கள் கோல்ஃப் வண்டியிலேயே கடைகண்ணிக்குப் போய்வரும் 'தி வில்லேஜஸ்' குடியிருப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கவுண்டி மக்களில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆனாலும் 2010-இல் 93,000 சொச்சமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 1,29,000-ஐத் தாண்டியது. எல்லாம் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களால்.

'இவ்வளவு சாவு என்றால் அங்கே மருத்துவ வசதி சரியில்லை போல' என்பது அதைவிட மோசமான தவறு. முதியவர்கள் கூடி வாழும் இடத்தில் சாவு அதிகமாகத்தான் இருக்கும். அலச்சுவா கவுண்டியில் இதே விஷயம் தலைகீழ். அங்குள்ள புளோரிடா பல்கலைக்கழகத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். படிக்கிற வயதில் பிள்ளை பெறுபவர்கள் குறைவு, சாகிறவர்கள் அதைவிடக் குறைவு. ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற விகிதத்தை மட்டும் பார்க்காமல், வயதுவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

யூனியன் கவுண்டி இன்னும் வேடிக்கை. மொத்தமே சுமார் 16,000 பேர். புற்றுநோய் இறப்பு விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் என்று ஓர் ஆய்வில் அதன் பெயர் அடிபட்டது. தண்ணீரில் கோளாறா, காற்றில் கோளாறா என்று தேடுவதற்கு முன், லேக் பட்லரில் உள்ள சிறை மருத்துவமனையைக் கவனிக்க வேண்டும். மாநிலம் முழுவதிலுமிருந்து நோயுற்ற கைதிகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். அங்கே நேரும் சாவுகள் அந்தச் சின்னக் கவுண்டியின் கணக்கில் ஏறுகின்றன.

பிறப்பைப் பொறுத்தவரை, தாயின் வீட்டு முகவரி எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டியில்தான் சேரும். யூனியனில் வசிக்கும் பெண், அலச்சுவாவில் உள்ள கெயின்ஸ்வில் மருத்துவமனையில் பிரசவித்தாலும் குழந்தை யூனியன் கணக்குதான். ஆஸ்பத்திரிகளில் எண்ணிக்கை வாங்கி ஒப்பிட்டால் எல்லாம் தப்பாகப் போகும்.

அப்புறம், லிபர்ட்டி மாதிரி 8,000 பேர் உள்ள கவுண்டியில் எட்டுக் குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தாலே ஆயிரத்துக்கு ஒன்று ஏறிவிடும். அதைப் போய் 'திருப்பம்' என்று எழுதக் கூடாது. ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள். அந்த ஐந்தில் 2020, 2021 வந்தால் தனியே குறிப்பிட்டுவிடுங்கள். கோவிட் காரணமாக 2021-இல் அமெரிக்கக் கவுண்டிகளில் 73 சதவீதத்துக்கும் மேல் பிறப்பைவிட இறப்பே அதிகமாக இருந்தது. 2019-இல் அது 45 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.